மூன்று முறை சத்தியம் செய்த ஊர்

இத்தாலியின் பலெர்மோ நகர மத்தியிலிருந்து எங்கள் வீடு இருக்கும் பிரான்காச்சோப் பகுதிக்குப் போகும் பேருந்தில், கம்பியைப் பிடித்தபடி நின்று கைபேசியில் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. பல்கலைக்கழக ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடி மாதக்கணக்காக அலைந்துகொண்டிருந்தேன். அன்று அகப்பட்டவை இரண்டு பெயர்ப் பட்டியல்கள். இருநூற்றைம்பது வருடத்துக்கு முன், அமெரிக்காவின் தெற்கே, பிரித்தானியர் ஆண்ட ஜோர்ஜியாக் குடியேற்றத்தில் எழுதப்பட்டவை. ஒன்றில், கிளர்ச்சிக்காரரின் புதிய அரசுக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்தவர்கள். மற்றதில், பிரித்தானியப் படை திரும்பி வந்தபின் அரசருக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்தவர்கள். ஒரு பெயர் இரண்டிலும் இருந்தது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. இறங்க வேண்டிய தரிப்பைத் தாண்டி இரண்டு தரிப்பு போய்விட்டேன்.

நடந்து திரும்பும்போதும் வாசித்தேன். இரண்டிலும் இருந்தவர்கள் ஒரே ஊரைச் சேர்ந்த, ஜெர்மன் பேசும் குடும்பங்கள். தங்கள் சமயத்தை விடமாட்டோம் என்றதற்காக அல்ப்ஸ் மலைப்பக்கத்தில் இருந்து துரத்தப்பட்டவர்கள். ஜோர்ஜியாவில் ஒதுங்க இடம் கொடுத்தவர் பிரித்தானிய அரசர். சதுப்பு நிலம், கொசு, காய்ச்சல். அதற்குள் முசுக்கட்டை மரம் நட்டுப் பட்டுப்புழு வளர்த்திருக்கிறார்கள்! நூல் இழுக்கச் சொல்லிக்கொடுக்க இத்தாலியின் வடக்கில் இருந்து ஆட்கள் கப்பலேறிப் போயிருக்கிறார்கள். நான் பிறந்த நாட்டின் மனிதர்கள் ஒரு புழுவின் பின்னால் அத்தனை பெரிய கடலைக் கடந்திருக்கிறார்கள். புகலிடம் தந்த அரசருக்கு அவர்கள் முதலில் விசுவாசம் சொன்னார்கள். பிறகு கிளர்ச்சிக்காரருக்கு. பிறகு திரும்பவும் அரசருக்கு. ஒரு ஊர், மூன்று சத்தியம்.

இதை அம்மாவிடம் சொல்ல நான் ஓடியதற்குக் காரணம் இருந்தது. எங்கள் வீட்டில் இத்தாலிய அரசாங்கத்தின் கடதாசிகள் எல்லாம் மாதா படத்துக்குப் பின்னால்தான் போகும். வதிவிட அனுமதிக்கான பெர்மெஸ்ஸோ, அதைப் புதுப்பிக்கக் கொடுத்த விண்ணப்பத்தின் துண்டு, வீட்டு ஒப்பந்தம். மாதா ஒரு கிழமை பார்த்துக்கொள்வார், பிறகு வெளியே வந்துவிடும். ஒரு கடிதம் மட்டும் குளிர்காலத்தில் இருந்து அங்கேயே கிடந்தது. அம்மாவுக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டது, ஆறு மாதத்துக்குள் மாநகரசபைக்கு வந்து விசுவாசச் சத்தியம் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் எல்லாம் செல்லாமல் போகும் என்று எழுதிய கடிதம். பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்து வந்தது. இன்னும் பன்னிரண்டு நாள்தான் மிச்சம்.

அம்மா மேசைத்துணி ஒன்றை இஸ்திரிப் பெட்டியால் மினுக்கிக்கொண்டிருந்தார். நகரின் பொலிதேயாமாப் பக்கம், சிஞ்ஞோரா என்று அவர் கூப்பிடும் இத்தாலிய அம்மா ஒருவரின் வீட்டில் அவருக்கு வேலை, சில துணிகளை வீட்டுக்கும் கொண்டுவருவார். நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். முழு ஊரே மாற்றி மாற்றிச் சத்தியம் செய்திருக்கிறது, வானம் இடிந்து விழவில்லை, ஆகையால் நீங்களும் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று முடித்தேன். வழக்கில் வென்ற வக்கீல் மாதிரி நின்றேன்.

"பயத்திலையோ சொன்னவை, மனசாலையோ?" என்று கேட்டார் அம்மா.

பட்டியலில் அது இல்லை. தெரியாது என்றேன்.

"அப்ப நீ என்னத்தைப் படிச்சனி?"

பிறகு அவரே கதைத்தார். இலங்கையில், மன்னாரில் அவருக்கு என் வயது இருந்தபோது, ஒரே றோட்டின் ஒரு முனையில் இராணுவம், மறு முனையில் போராளிகளின் இயக்கம். வேலைக்குப் போகும்போது ஒருவர் மறித்து நீ யாருடைய ஆள் என்பார். திரும்பும்போது மற்றவர் அதையே கேட்பார்.

"எல்லாருக்கும் தலையாட்டினன், பிள்ளை. ஒருத்தருக்கும் சத்தியம் பண்ணேல்லை. அது ஒண்டுதான் என்ரை கையிலை மிஞ்சினது. அதை இவையிட்டைக் குடுக்கிறதெண்டா, யோசிச்சுத்தான் குடுக்க வேணும்."

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கடிதம் பயத்தாலோ சோம்பலாலோ கிடக்கிறது என்று இத்தனை மாதமும் நினைத்திருந்தேன். இங்கேயே பிறந்ததால் எனக்குப் பதினெட்டு வயதில் குடியுரிமை வந்தபோது ஒரு கையெழுத்தோடு முடிந்தது, சத்தியம் ஒன்றும் கேட்கவில்லை. அப்படி ஒரு சொத்து இருப்பதே எனக்குத் தெரியாது. என் அம்மா அதை ஒரு போருக்குள்ளாலும் ஒரு கடலுக்கு மேலாலும் முழுசாகக் கொண்டுவந்திருக்கிறார்.

அடுத்த நாள் பட்டியல்களைத் திரும்ப எடுத்தேன். முதல் நாள் கண்ணில் படாத ஒன்று பட்டது. ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. பட்டுநூல் இழுக்கக் கூட்டுப்புழுவைக் கொதிநீரில் போட்டவர்களும், படைகள் வந்து போகும்போது வீட்டில் நின்றவர்களும் பெண்கள்தான். அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "குடுத்து வைச்சவையள்" என்று சிரித்தார். கொஞ்ச நேரத்துக்குப் பின் சிரிப்பு நின்றது. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று என்னைக் கேட்டார். அந்தக் கேள்வியைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்தேன்.

மூன்று நாள் போனது. நாலாம் நாள் நான் வந்தபோது கடிதம் மேசையில் விரித்துக் கிடந்தது.

"என்னட்டை இப்பத்தான் ஆக்கள் துவக்கை நீட்டாமல் கேக்கினம். ஆறு மாசம் யோசிக்கவும் விட்டிருக்கினம். இந்த வசனத்தை முதல் தமிழிலை எழுதித் தா."

எழுதினேன். குடியரசுக்கு விசுவாசமாக இருப்பேன், அதன் அரசியலமைப்பையும் சட்டங்களையும் கடைப்பிடிப்பேன். 'விசுவாசம்' என்ற இடத்தில் விரலை வைத்து, இது கோயிலில் சொல்லும் அதே விசுவாசமோ என்று கேட்டார். ஓம், அதேதான் என்றேன். அப்படியென்றால் லேசான விசயம் இல்லை என்றார். ஆனாலும் கடிதத்தை மாதாவின் பின்னால் திருப்பி வைக்கவில்லை.

என் ஆய்வேட்டுக்கும் கேள்வி கிடைத்துவிட்டது. அந்த ஊரின் ஞானஸ்நானப் பதிவுகளிலும் கடிதங்களிலும், சத்தியம் கேட்கப்படாத பெண்களைத் தேடப்போகிறேன். கிடைப்பார்களோ தெரியாது. அதற்கு முன் வியாழக்கிழமை இருக்கிறது. அன்று காலை மாநகரசபையில், மூவர்ணப் பட்டி போட்ட அதிகாரிக்கு முன்னால் அம்மா அந்த வசனத்தை இத்தாலிய மொழியில் சொல்லப்போகிறார். தான் தடக்கினாலும் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்று, வாய் திறக்காமல் இருந்து பார்க்கப்போகிறேன்.