இரண்டு கையாலும் கொடுத்தவர்

டீசல் மணம் ஒன்றும் பூமணம் அல்ல. ஆனாலும் இறங்குதுறைக் காற்று அதை எங்கள் முற்றத்துக்குக் கொண்டுவரும்போதெல்லாம், அண்ணர் வந்துவிட்டார் என்று என் கால் தன்பாட்டில் படலையடிக்கு ஓடுகிறது. அந்த மணம் அவர் சட்டையை விட்டுப் போய்ப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. அவரும் போய் இன்று முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. மணத்துக்கு இதெல்லாம் தெரியவில்லை.

எழுவைதீவில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாக அண்ணர் பிறந்தார். நான் அவருக்கு நேரே இளைய தங்கை. ஐயா நேரத்தோடே கண்ணை மூட, அண்ணர் பள்ளிக்கூடத்தை விட்டுச் சம்மாட்டியாரின் மோட்டார் வள்ளத்தில் மூட்டை ஏற்றப் போனார். சம்மாட்டியார் எங்களுக்குப் பெரியப்பா முறை. தீவிலிருந்து ஊர்காவற்றுறைக்கு ஆட்களை ஏற்றியது அவருடைய வள்ளம் ஒன்றுதான். வளர்ந்து, அண்ணரே அதை ஓட்டும் தண்டயலானார். பிள்ளைப்பேற்றுக்குப் போகிற பெண்களை அலை நோகாமல் அவர் கொண்டுபோய்ச் சேர்த்ததை, இந்த நினைவுப் புத்தகத்தை வாசிக்கும் தாய்மார் சிலர் அறிவீர்கள்.

எங்கள் கடலில் வேலைக்குக் கடிதமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. இயந்திரத்தைச் சுற்றி இயக்கும் இரும்புக் கைபிடியை ஆண்டில் என்போம். அது தண்டயலின் வீட்டில்தான் கிடக்கும். வேலை வேண்டாம் என்கிறவன் அதை முதலாளியின் கையில் வைத்துவிட்டுப் போவான். அதற்குமேல் பேச்சில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் கடல் கொந்தளிக்கும் ஒரு சோளகக் காற்றுக் காலம். திருவிழாச் சனம் துறையில் நெருக்கியது.

“பெரியப்பு, இனி ஏத்தேலாது. தண்ணி விளிம்புக்கு வந்திட்டுது.”

“வள்ளம் உன்ரையோ?”

“வள்ளம் உங்கட. ஏறின சனம் என்ரை.”

சிலர் சிரித்துவிட்டார்கள். அதற்குமேல் ஒருவரையும் ஏற்றாமல் வள்ளம் போயிற்று. அந்தச் சிரிப்புத்தான் சம்மாட்டியாரைச் சுட்டிருக்க வேண்டும். மறுநாள் காலை, துறையில் எல்லாரும் பார்த்திருக்க, “தம்பி, ஆண்டிலை ஒருக்காத் தா” என்று கிட்ட வந்து தணிந்து கேட்டார். கேட்டவர் பெரியவர். அண்ணர் தோளில் கிடந்த சால்வையை இடுப்புக்கு இறக்கி, இரண்டு கையாலும் கொடுத்தார். அவர் அதை வாங்கி இன்னொருவனிடம் நீட்டினார். “நீ இனி வரத் தேவையில்லை” என்று மெல்லச் சொன்னது அண்ணருக்கு மட்டும் கேட்டது. ஊர் கண்டது கையை மட்டும்.

“திருவிழா நேரத்திலை தானாய்க் குடுத்திட்டுப் போட்டான்” என்ற கதை வேலணை வரை பரவியது. நெருக்கடியில் விட்டுப் போகிறவன் என்று பேர் விழுந்த தண்டயலை யார் வைப்பார்? அவருக்குப் பேசிவைத்த கலியாணமும் சத்தமில்லாமல் நின்றது. அண்ணர் யாழ்ப்பாணம் போய்த் தொழில் நீதிமன்றத்தில் முறைப்பாடு கொடுத்தார். நட்டஈடு அவருக்குப் பெரிதில்லை. தானாக விட்டவர் அல்ல என்று ஒரு மன்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அம்மா அழுதார். “பெரியப்பனைக் கோட்டுக்கு இழுக்கிறதோ? நாளைக்கு எங்கட செத்தவீட்டுக்கு ஆர் வருவினம்?”

“செத்தவனுக்கு ஆர் வந்தாலென்ன, வராட்டிலென்ன, அம்மா.”

விசாரணைக்குப் போகவும் அந்த ஒரே வள்ளம்தான். வழக்காளியும் எதிராளியும் ஒரே பலகையில் இருந்து கடலைக் கடந்து, ஒரே பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனார்கள். “தம்பி, இங்காலை தள்ளி இரு, உனக்கு வெயில் படுது” என்பார் சம்மாட்டியார். அண்ணர் தள்ளி இருப்பார்.

சம்மாட்டியார் ஆண்டிலைப் பறித்தார் என்று சொல்லும்படி எங்கள் வழக்குப் பேசிய பிரக்கிராசியார் சொல்லிக் கொடுத்திருந்தார். மறுதரப்புச் சட்டத்தரணி எழுந்தபோது நான் பின்வரிசை வாங்கில் இருந்தேன்.

“ஆண்டிலை அவர் பறித்தாரா, நீர் கொடுத்தீரா?”

“குடுத்தனான்.”

“ஒரு கையாலா?”

“பெரியவருக்கு ஒரு கையாலை குடுக்கிறதோ, ஐயா? ரெண்டு கையாலையும்.”

காதோடு சொல்லி நிறுத்தியதைக் கேட்ட சாட்சி ஒருவரும் இல்லை. இரண்டு கையைக் கண்ட சாட்சிகள் ஊர் முழுக்க இருந்தார்கள். வழக்குத் தள்ளுபடியாயிற்று. திரும்பும்போதும் இருவரும் அதே பலகையில்தான் இருந்தார்கள்.

பிறகு அண்ணர் கரைவலையில் கூலிக்குக் கயிறு இழுத்தார். கடலைப் பார்த்தபடியே பின்னுக்குப் பின்னுக்கு நடக்கிற வேலை அது. அப்படி நடந்துதான் என் பிள்ளைகளைப் படிப்பித்தார். யாரையும் குறைசொல்லி நான் கேட்டதில்லை. பேச்சுத்தான் வருடத்துக்கு வருடம் வற்றிக்கொண்டு போனது. கடைசியில் நெஞ்சு நோய் கண்டு ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் படுத்தார்.

அங்கே அவரைப் பார்த்த வைத்தியருக்கும் தாதிமாருக்கும், எங்களுக்கு உண்ணவும் உறங்கவும் வீடு திறந்த ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கக் குடும்பத்தாருக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள். அவரது உடலைத் தீவுக்குக் கொண்டுவர வள்ளத்தைத் தந்த சம்மாட்டியாருக்கும், பாடைக்குத் தோள் கொடுத்த அவருடைய மக்களுக்கும் அப்படியே. அம்மா பயந்தது நடக்கவில்லை. எல்லாரும் வந்தீர்கள். வந்த உங்களுக்கு, அண்ணர் என்னிடம் கடைசியாகப் பேசியதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்று பின்னேரம், வள்ளம் தவறிவிடும் என்று நான் கட்டிலடியை விட்டு எழுந்தேன். என் சீலைத் தலைப்பைப் பிடித்தார்.

“பிள்ளை, அந்தியேட்டிக்கு எனக்கும் ஒரு புத்தகம் அடிப்பியள்தானே?”

“என்ன கதை இது, அண்ணை.”

“அடிப்பியள். அதிலை நான் வேலையை விட்டனான் எண்டு போடவேண்டாம். நிப்பாட்டினவை எண்டு போடு. பெரியப்புவும் வாசிப்பார், மரியாதையாய்ப் போடு.”