காலத்தின் மேல் போட்ட பழி

கடலுக்குப் போன புருஷன் பிணமாகத் திரும்பிய மூன்றாம் வருஷம் வைஜெயந்தி மறுமணம் செய்துகொண்டாள். குப்பத்துத் தலைவர் சக்கரபாணி பஞ்சாயத்தைக் கூட்டி அவளை ஊரைவிட்டுத் தள்ளிவைத்தார். மரக்காணம் உப்பளத்தில் பதினெட்டு வருஷம் உப்பு சுமந்து பிழைத்தாள். பெற்ற தாயின் சாவுக்குக்கூட அவளை உள்ளே விடவில்லை.

போன மாதம் அதே சக்கரபாணி, விதவையான தன் மகளின் மறுமணப் பத்திரிகையோடு உப்பளத்துக்கே வந்தார்.

"அப்ப அது தப்பு, இப்ப இல்லம்மா. காலம் மாறிடுச்சு."

வைஜெயந்தி பத்திரிகையை வாங்கவில்லை. "காலமா என்னைத் தள்ளி வெச்சுது? நீங்கதானே வெச்சீங்க! அன்னைக்கும் அது அநியாயம்தாங்க. அதைப் பஞ்சாயத்துல நின்னு சொல்லுங்க, வர்றேன்."

சக்கரபாணி திரும்பிப் போனார். பஞ்சாயத்தைக் கூட்டவில்லை. கல்யாணத்தன்று அவள் வழக்கம்போல உப்பு வாரினாள்.