குளத்துக்கு வந்த காகிதம்

தவளை என்று யாராவது பேச்செடுத்தால் போதும், மாத்தளைக் கொக்கோத் தோட்டத்தில் நான் வெட்டிய குளத்தில்தான் போய் நிற்பேன். குளம் என்று பெரிதாகச் சொல்கிறேன். நாலு சோற்றுப் பானையை இறக்கினால் நிறைந்துவிடும். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும்.

எங்கள் லயத்தின் வரிசை வீடுகளுக்குப் பின்னால் பீலிக் குழாயிலிருந்து கொட்டும் தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் காம்பு உடைந்த மம்பட்டியால் அங்கே குழி வெட்டி, புற்றுமண்ணைக் குழைத்து மிதித்து, கரையில் வல்லாரை நட்டேன். மூன்றாம் நாள் தும்பி வந்தது. பிறகு தவளை, எங்கள் மாமாவைப் போல, கூப்பிடாமலே குடும்பத்தோடு. மீன்கொத்தி ஒன்று வேலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு ஏமாந்து பறந்தது. எனக்கு மனம் கேட்கவில்லை. ஓடையில் பழைய சீலைத் துண்டால் குஞ்சுமீன் பிடித்துவந்து விட்டேன்.

ஒருநாள் நுளம்புக்கு, அதாவது கொசுவுக்கு, மருந்தடிக்கும் அரசாங்க ஐயா வந்தார். அகப்பையால் குளத்துத் தண்ணீரை அள்ளி அள்ளிப் பார்த்தார். ஒரு தாளில் என்னவோ எழுதி அம்மா கையில் கொடுத்துவிட்டு அடுத்த லயத்துக்கு நடந்துவிட்டார். ஐயாமாரிடம் கேள்வி கேட்க அம்மாவுக்குப் பயம். எல்லாம் சிங்கள எழுத்து. வீட்டில் எல்லோருக்கும் சிங்களம் பேச வரும், வாசிக்கத்தான் ஆள் இல்லை. எனக்கு எந்த எழுத்துமே தெரியாது; இன்றைக்கும் தெரியாது, அது வேறு கதை.

"மூடச் சொல்லித்தான் எழுதியிருக்கும். அப்பவே சொன்னேன், கேட்டியாடி?" என்றாள் அம்மா.

வேலை முடிந்து வந்த அப்பா தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். அந்த வருஷம் எங்கள் லயத்தில் மூன்று வீடுகளுக்கு நாட்டைவிட்டுப் போகச் சொல்லி அரசாங்கக் காகிதம் வந்து, மூன்று வீட்டாரும் இந்தியாவுக்குக் கப்பலேறியிருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன கோழிகள் எங்கள் வாசலில்தான் மேய்ந்தன.

"குளத்த மூடிருவீங்களாப்பா?"

"சும்மா இரு புள்ள. விடியட்டும், அலுவிகாரக் கட நானாகிட்ட காட்டுவோம்."

மறுநாள் அலுவிகாரை ஊருக்குப் போனோம்; நானா என்று எல்லோரும் கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "கொளத்துல மீன் ஈக்கிறதால நுளம்புப் புழு இல்லயாம். மூட வாணாமாம். மீனக் கவனமா பாத்துக்கிடச் சொல்லி எழுதீக்காரு."

"வேற ஒண்ணுமில்லயா நானா? பின்பக்கம் பாருங்க."

"பின்பக்கம் வெறுந்தாள்தான் மனுசா!"

அப்பா அரிசி மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்தார். சிரித்தார். சிரித்தபடியே துண்டால் கண்ணைத் துடைத்தார். எனக்கு ஒரு பணிஸ் ரொட்டி வாங்கித் தந்தார். வீட்டுக்கு வந்ததும் தானே மம்பட்டியை எடுத்துக் குளத்தை இன்னொரு முழம் அகலமாக்கினார். அடுத்த வாரம் மீன்கொத்தி திரும்பி வந்தது.

என் தவளைகளுக்காக அப்பா கடையில் உட்கார்ந்து அழுதார் என்று லயம் முழுக்கப் பெருமையடித்தேன். ஒருவரும் என்னைத் திருத்தவில்லை. அவர் கையில் இருந்தது கப்பல் காகிதம் என்று நினைத்து ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தார் என்பதை, எனக்குக் கலியாணமான பிறகுதான் அம்மா சொன்னாள்.