குறையாமல் திரும்பிய போத்தல்

நான் பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில் உதவியாளர். கண்ணாடித் தகட்டின் மேல் பரப்பிய மெல்லிய கொழுப்புப் படலத்தைக் காயாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. ஈரம் இருக்கும்வரை அதன் மூலக்கூறுகள் நகர்ந்துகொண்டே இருக்கும். காயக் காய வேகம் குறைந்து, கடைசியில் நின்றுவிடும். அதனால் ஈரப்பதத்தை மணிக்கொரு தரம் குறித்துவைப்பேன்.

மூன்று நாள் லீவில் ஊருக்கு, ராகலைக்குப் போனபோது, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்காவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன்.

"கொழுப்புக்குத் தண்ணி காட்ட ஒரு ஆளா? நல்ல வேலைதான் தம்பி" என்று சிரித்தாள்.

மறுநாள் காலை நான் அவளுக்கு நிரப்பிக் கொடுத்த தண்ணீர்ப் போத்தல், மாலையில் மலையிலிருந்து குறையாமல் திரும்பி வந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. அதை நாட்குறிப்பில் எழுதினேன். ஏன் என்று அவளைக் கேட்கவில்லை.

ஆறு மாதம் கழித்து அக்கா மலையில் மயங்கி விழுந்தாள். சிறுநீரகங்கள் பெரும்பாலும் செயலிழந்துவிட்டதாக டாக்டர் சொன்னார். பகலில் எவ்வளவு தண்ணீர் குடிப்பாள் என்று கேட்டார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "மலையில கக்கூஸ் இல்லீங்க. கங்காணி நிக்கிற எடத்துல எங்க ஒதுங்குறது? அதனால அந்தி வரைக்கும் குடிக்க மாட்டோம். பொம்பளைங்க எல்லாருமே அப்படித்தாங்க."

காரணங்களில் அதுவும் ஒன்று என்றார் டாக்டர்.

இப்போது அக்கா என் வீட்டில் இருக்கிறாள். வாரம் இரண்டு முறை இரத்தச் சுத்திகரிப்பு. குடிக்கும் தண்ணீருக்கும் கட்டுப்பாடு.

"இன்னும் ஒரு மடக்கு, தம்பி" என்கிறாள்.

நான் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, அவள் குடித்த அளவை நாட்குறிப்பில் எழுதுகிறேன்.