ஏரியின் மேல் ஒரு கட்டில்

என் எழுதுமேசையின் ஓரத்தில் ஒரு தென்னங்கயிறு கிடக்கிறது. பழுப்பேறிய பழைய கயிறு. எத்தனை முறை இழுத்து நேராக்கினாலும், கையை விட்டதும் மெல்ல மெல்லத் தன் பழைய வளைவுகளுக்கே அது திரும்பிவிடுகிறது. ஓரிடத்தில் ஒரு கட்டையின் முதுகைத் தழுவியது போன்ற வளைவு. வேறோரிடத்தில் ஒரு மூலையில் மடங்கியதன் தடம். கட்டைகள் இப்போது இங்கே இல்லை. அவற்றின் வடிவத்தை மட்டும் கயிறு மறக்காமல் வைத்திருக்கிறது. மழை பிடித்துக்கொண்ட நாட்களில் அதிலிருந்து கடலின் மணம் இலேசாக எழும். அப்போது என் அண்ணனின் மை படிந்த விரல்களும், தரைக்கடியில் ஓர் ஏரியை உறங்க வைத்திருந்த எங்கள் மாம்பலத்து வீடும் என் முன்னே வந்து நிற்கும்.

ஏரியைத் தூர்த்து, மனைகளாகப் பிரித்து, தெருக்கள் போட்டுக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. மயிலாப்பூரில் குடக்கூலி தாங்காமல் அண்ணனும் அண்ணியும் நானும் அங்கே ஓர் ஓட்டு வீட்டிற்குக் குடிபோனோம். வீடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. மாலையில் கொக்குகள் பழைய நினைவில் வந்து இறங்கும். நீரைக் காணாமல் தெருவிலேயே சற்று நேரம் ஒற்றைக்காலில் நின்றுவிட்டு, வழி தவறியவை போலப் பறந்துபோகும். ஐப்பசி பிறந்துவிட்டால் ஏரி திரும்பி வரும். அது வாசல் வழியாக வராது. தரை வழியாக வரும். முதலில் தளத்தின் நிறம் மாறும். பிறகு வேர்க்கும். பிறகு சுவரோரத்து வெடிப்பில் ஒரு குமிழி தோன்றி, யாரோ அடியிலிருந்து மூச்சு விடுவதைப் போல உடையும். நாங்கள் குடிபோன ஆண்டு கார்த்திகை தொடங்கி, அந்தத் தரையில் விரித்த பாயில்தான் அண்ணியின் முதல் குழந்தை நாற்பது நாள் கிடந்தது. மார்பில் சளி கட்டிக்கொண்டது, மூச்சு முட்டியது, போய்விட்டது. அதன் கொலுசில் இருந்து உதிர்ந்த ஒரு மணியை மட்டும் அண்ணி வைத்திருந்தார். குழந்தையைப் பற்றி அவர் பேசியதில்லை.

அடுத்த ஆண்டு அவர் மீண்டும் கருவுற்றிருந்தார். தாய் இல்லாதவர் ஆகையால் பிரசவத்திற்குப் போக வேறு வீடும் இல்லை. கார்த்திகையில் நாள் என்று மருத்துவச்சி சொன்னாள். வீட்டில் இருந்த கயிற்றுக் கட்டிலை ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "இது நடுவுல குழியுது. பிள்ளை பெத்தவளுக்கு ஆகாது" என்றும் சொல்லிப் போனாள். தேக்குக் கட்டில் வாங்குவது எங்கள் நிலைக்கு எட்டாத கனவு. அன்று மாலை அண்ணன், அண்ணியிடமும் என்னிடமுமாகச் சேர்த்து ஒரே வார்த்தை சொன்னார்: "நானே செஞ்சிடறேன்."

அண்ணன் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். ஈய எழுத்துகளைத் தலைகீழாகவும் இடவலம் மாறியும் பார்த்துப் பழகிய கண். உளியையும் ரம்பத்தையும் அறியாத கை. ஆனாலும் அவர் ஒன்றைத் தொடங்கினால் நாங்கள் மறுத்ததில்லை. அச்சகத்தில் கழித்துப் போட்ட எழுத்துப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, கழுவி, படுக்கையறைச் சுவரில் முதலில் மாட்டினார். எழுத்துகள் இருந்த சிறு சிறு அறைகளில் வசம்பும் சுக்கும் ஓமமும் சாதிக்காயும் குடியேறின. ஆய்த எழுத்துக்குரிய அறை எல்லாவற்றிலும் சிறியது, அதிகம் கைபடாதது. அதில் அண்ணி அந்த மணியைப் போட்டு வைத்தார். நானும் அண்ணனும் அதைக் கண்டோம். காணாதவர்கள் போல இருந்துவிட்டோம்.

மரம் சாந்தோமிலிருந்து வந்தது. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருபவள், அண்ணியின் வயதினள், பேச்சில் யாருக்கும் ஈடு கொடுப்பவள். அவள் வீட்டுக் கட்டுமரம் நீரில் ஊறிக் கனத்துப்போய், கடலுக்கு ஆகாது என்று கரையில் அவிழ்த்துப் போடப்பட்டிருந்தது. "அடுப்புக்குக்கூட ஆவாது நைனா. உப்புக் கட்டை. பொகைதான் வரும். எட்த்துக்கினு போ" என்று ஏறக்குறைய சும்மாவே கொடுத்தாள். மாட்டு வண்டியில் கட்டைகள் வந்திறங்கியபோது, வெளுத்து, முனை மழுங்கி, நெடுந்தொலைவு நீந்திக் களைத்து உறங்கும் பெரிய மீன்களைப் போலத் தோன்றின.

ஆவணி முழுவதும், அச்சகத்திலிருந்து வந்து வெளிச்சம் மறையும் வரை அண்ணன் அவற்றோடு போராடினார். தடித்த அடித்துண்டுகள் நான்கை முழ உயரத்திற்கு அறுத்துக் கால்களாக நிறுத்தினார். அவற்றின் தலையில் பள்ளம் செதுக்கி, இரண்டு கட்டைகளைக் குறுக்கே அமர்த்தினார். அவற்றின் மேல் ஆறு கட்டைகளை நெடுக்காகப் பரப்பி, மேற்பரப்பை மட்டம் செய்து, நீண்ட இரும்பாணிகளால் அறைந்து முடித்தார். எந்தக் கட்டை தலைமாடு, எந்தக் கட்டை கால்மாடு என்று கரியால் அடையாளம் எழுதியபோது, பழக்கத்தால் எழுத்துகளை இடவலம் மாற்றியே எழுதிவிட்டார். அண்ணி முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து அதைப் படித்துக் காட்டிச் சிரித்தார். பல மாதங்களாக அந்த வீட்டில் கேளாதிருந்த சிரிப்பு அது. அண்ணன் உளியைக் கீழே வைத்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் புரட்டாசி வெக்கையில், வீட்டுக்குள் கிடந்த மரம் உலர்ந்து சுருங்கியது. ஆணிகள் துருவேறித் தம் துளைகளில் தளர்ந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பண்டிதத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நான், புத்தகங்களோடு அதன் மேல் உட்கார்ந்தேன். ஒரு முனகல் கேட்டது. மறுகணம் கட்டைகள் ஆறும் ஆறு திசையில் உருண்டன. நான் தரையில் இருந்தேன். அண்ணி முதலில் சிரித்தார். சிரிப்பு நடுவிலேயே உடைந்தது. வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு சுவரோரம் அமர்ந்து, "இன்னும் ஒன்றரை மாசந்தாங்க இருக்கு. இதையும் அந்தத் தரையிலேயே போடணுமா?" என்று கேட்டார். அண்ணன் வளைந்த ஆணி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரத்தில்தான் மீன்கூடை வாசலில் இறங்கியது. உள்ளே எட்டிப் பார்த்தவள் வாயில் கை வைத்தாள்.

"இன்னா நைனா இது, கட்டுமரத்துக்குப் போயி ஆணி அட்ச்சுகீற! சின்ன நைனா இன்னாத்துக்குக் கீய குந்திகினுகீது? ஏட்டுப் படிப்புக் கனத்தைக் கட்டில் தாங்கலியா?" என்றாள். அண்ணியின் முகத்தைக் கண்டதும் அவள் குரல் தணிந்தது. "அயாதம்மா. எங்க மரத்துல ஒரு ஆணி பாத்துகீறியா? கட்னா மரம், அட்ச்சா வெறகு. இது வேல செய்யாம கெடக்காது. ஊறும், காயும், ஆடும். கயிறு அது கூடவே போவும். ஆணி போவாது."

அண்ணன் ஆணியைக் கீழே போட்டார். பிறகு தம் கைகளைப் பார்த்தார். நாள்தோறும் அந்தக் கைகள் செய்த வேலை அதுவேதான் என்பது அப்போதுதான் அவருக்குப் புலப்பட்டிருக்க வேண்டும். கோத்து முடித்த ஒரு பக்கம் ஆயிரம் துண்டு ஈயம். அதில் பசையும் இல்லை, ஆணியும் இல்லை. ஒரு நூலைச் சுற்றிச் சுற்றி இறுக்கி, நுனியைச் சுற்றுகளுக்கு அடியில் செருகிவிட்டால் அவ்வளவும் ஒரே பலகையாக நிற்கும். அன்று பிற்பகல் முழுவதும் அவர் தென்னங்கயிற்றை நனைத்து நனைத்துக் கட்டினார். நான் இழுத்துப் பிடித்தேன். மூலைக்கு மூலை அழுத்தி, ஒரு சுற்றின் மேல் ஒரு சுற்றாக ஏற்றி, இறுதியில் நுனியை உளியால் உள்ளே தள்ளினார்.

மறுநாள் வந்து பார்த்த மீன்காரிக்கு ஒப்பவில்லை. "முடிச்சே காணோம்? இது இன்னா கட்டு?"

"முடிச்சுப் போட்டா அவுக்கிறப்ப அறுக்கணும்மா. அச்சகத்துல ஒரு பக்கத்தைக் கட்டறதே திரும்பக் கலைக்கத்தானே" என்றார் அண்ணன்.

அவள் காலைத் தூக்கிக் கட்டிலை ஓர் உதை உதைத்தாள். அது ஓர் இம்மி அசைந்து, தன் நிலைக்கு வந்தது. "நீ குப்பத்துல பொறக்க வேண்டியவன் நைனா. ஒண்ணு மட்டும் மறந்துடாத. வருசத்துக்கு ஒரு தபா அவுத்து வெயில்ல போடு. கட்டிகினே கெடந்தா மரம் அழுவிடும்."

அவள் போன பின் அண்ணி எழுத்துப் பெட்டியின் சிறிய அறையிலிருந்து மணியை எடுத்து, தலைமாட்டுக் கயிற்றில் கோத்துவிட்டார்.

கார்த்திகையில் ஏரி வந்தது. மழை ஓய்ந்து ஓய்ந்து பெய்த ஒரு பகற்பொழுது. வெளிச்சம் சாம்பல் நிறத்தில் வீட்டுக்குள் மிதந்தது. கணுக்கால் அளவு நீரில் மருத்துவச்சி நின்றுகொண்டிருந்தாள். அண்ணனும் நானும் கூடத்தில் முக்காலிகளின் மேல் கால்களை மடித்து உட்கார்ந்திருந்தோம். மரம் நீரை அறிந்துகொண்டது போலும். அறை முழுவதும் உப்பின் மணம் எழுந்தது. ஒவ்வொரு வலிக்கும் கட்டில் அலைமேல் ஏறி இறங்குவது போல மெல்ல ஆடியது. ஆடும்போதெல்லாம் அந்தச் சிறு மணி ஒலித்தது. அண்ணன் அந்த ஒலியை எண்ணிக்கொண்டிருந்தாரா, வேண்டிக்கொண்டிருந்தாரா என்று எனக்குத் தெரியாது. ஒரு முறை மணி ஒலிக்கவில்லை. பிறகு ஒரு குழந்தையின் குரல், நீரின் மேல் தவழ்ந்து எங்களிடம் வந்தது. பெண் குழந்தை. ஏரி வடிய இருபது நாளாயிற்று. அந்த இருபது நாளும், அதன் பிறகும், அவள் உலர்ந்தே உறங்கினாள்.

ஒவ்வொரு சித்திரையிலும் அண்ணன் அந்த நுனியைத் தேடிப் பிடித்து இழுப்பார். கட்டில் ஓசையின்றித் தளர்ந்து, மறுபடி எட்டுக் கட்டைகளும் நான்கு கால்களுமாகப் பிரியும். அவை வெயிலில் கிடக்கும். புரட்டாசியில் மீண்டும் கட்டுவார். அருகில் உட்கார்ந்து அவருடைய மகள் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படி ஒரு புரட்டாசியில் கட்டியதுதான் இறுதி. தை மாதத்தில் அண்ணன் இறந்துபோனார். சித்திரை வந்தது. எங்களுள் எவருக்கும் அந்த நுனியைத் தொட மனம் வரவில்லை. அவர் கை செருகிவைத்தது அது. இரண்டு கோடை கடந்தன. கட்டைகளுக்கிடையில் பூஞ்சை படர்ந்து புளித்த வாடை வீசத் தொடங்கியது. அப்போதும் நானும் அண்ணியும் வாளாவிருந்தோம்.

அந்த ஆண்டு அண்ணன் மகள் தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு வந்தாள். அறைக்குள் போனவள் முகர்ந்து பார்த்தாள். "என்ன சித்தப்பா, இதை அவுக்கவே இல்லையா? அழுகிடாதா?" என்றாள். நாங்கள் ஒன்றும் சொல்வதற்குள் குனிந்து, தேடாமலே நுனியைப் பிடித்து இழுத்தாள். அண்ணனின் கட்டு ஒரு பெருமூச்சைப் போல அவிழ்ந்தது. மணி தரையில் விழுந்து உருண்டது. அண்ணி அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

அதற்குள் எங்கள் வீட்டுத் தரை சிமெண்டுத் தரை ஆகியிருந்தது. ஏரி வருவதில்லை, கொக்குகளும் வருவதில்லை. ஆனாலும் அவள் தேக்குக் கட்டில் வேண்டாம் என்றுவிட்டாள். கட்டைகள் காய்ந்த பின் புதுக் கயிறு வாங்கிவரச் சொன்னாள். நான் இழுத்துப் பிடித்தேன், அவள் கட்டினாள். மூலையில் அழுத்தினாள், சுற்றின் மேல் சுற்றை ஏற்றினாள். இறுதியில் முடிச்சுப் போடுவாள் என்று எண்ணிக் கையைத் தளர்த்தினேன். "விடாதீங்க சித்தப்பா" என்றாள். பிறகு தன் தந்தையின் உளியை எடுத்து, நுனியை உள்ளே தள்ளினாள். அண்ணி மணியை அவளிடம் நீட்டினார்.

பிரசவம் முடிந்து, சேயோடு அவள் கணவன் வீட்டுக்குப் புறப்பட்டபோது கட்டைகளும் வண்டியேறின. பழைய கயிறு என்னிடம் தங்கிவிட்டது. இன்று காலையும் அதை நேராக்கிப் பார்த்தேன். கையை விட்டேன். அது, தான் சுற்றியிருந்த மரத்தைத் தேடி, மெல்ல வளைந்துகொண்டது.