என் கால் கத்திய நாள்

போன வருஷம் தை மாதம். டிக்கோயாவுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில், வெயில் ஏறியும் பனி விலகாத ஒரு காலை. என் வீட்டுக்குள் வந்திருந்த ஒரு பெண் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு, எனக்கும் ஒரு மாஸ்க் கொடுத்து, "அக்கா, கொஞ்சம் மூச்ச அடக்கிக்கோங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டேன்.

அவள் ஏன் வந்தாள் என்று சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன், மழையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது, மேலேயிருந்து உருண்டு வந்த கல் என் வலது காலை நசுக்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பிறகு கிடைத்த ரப்பர் கால் லயத்து வாசலில் நடக்க உதவியது, மலைக்கு உதவவில்லை. பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்தார்கள். குறை சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் என் கூட்டாளிகள் சிரித்துப் பேசிக்கொண்டு மலையேறும்போது, நான் பால் போத்தல் கழுவிக்கொண்டு நிற்பேன். திரும்பவும் என் நிரையில், எனக்கென்று விட்ட செடி வரிசையில், நின்று கொழுந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

அந்தப் பெண் வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். மலைச் சரிவில் நடக்கத் தோதாக ஒரு செயற்கைப் பாதம் செய்கிறார்களாம். போட்டுப் பார்க்க ஆள் தேடி என்னிடம் வந்திருந்தாள். அது எதில் செய்தது என்று நான் விடாமல் கேட்டதால்தான் இந்தக் கதவடைப்பு. அவள் காட்டப்போவது மூச்சுக் காற்றுக்கே பறந்துவிடுமாம்.

சின்னப் பெட்டியிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டு போன்றதை எடுத்தாள். அதன் மேல் அடுப்புக்கரி பூசியதுபோல் ஒரு கறுப்பு. அதன் ஓரத்தை இடுக்கியால் தொட்டு மெல்ல இழுத்தாள். கரியிலிருந்து ஒரு துணி வந்தது! துணி என்று சொல்வதே அதிகம். புகையை யாரோ விரித்துப் பிடித்ததுபோல் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் என் வீட்டுச் சாமி படம் தெளிவாகத் தெரிந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

"கார்பன் குழாய்ங்க அக்கா. தலைமுடிய விட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிசு. ஒன்ன இழுத்தா பக்கத்துல உள்ளது அது கைய புடிச்சிக்கிட்டு வந்துரும்."

"இந்த நூலாம்படைய நம்பியா என்னைய மலையில நிக்கச் சொல்ற?" என்றேன்.

அவள் அந்தத் துணியை ஒரு சட்டத்தில் ஒட்டினாள். நான் கொடுத்த தேத்தண்ணீரில் ஒரு சொட்டை எடுத்து, அதன் மேல் வைத்தாள். இருப்பதே தெரியாத ஒன்றின் மேல் தேத்தண்ணீர்ச் சொட்டு உருண்டையாக, அசையாமல் உட்கார்ந்திருந்தது. எனக்குக் கோயிலில் கும்பிடுகிற மாதிரி கை தானாகச் சேர்ந்துவிட்டது.

கறுப்பு நார்த்துணி அடுக்குகளுக்கு நடுவே இதைப் பரப்பி, பசை ஊற்றி, அழுத்திச் சூடாக்கினால் பாதம் தயார் என்றாள். இன்னொன்றும் சொன்னாள். இந்தத் துணியில் கரண்ட் ஓடும். உள்ளே விரிசல் விட்டால் அந்த ஓட்டம் மாறும், கணுக்காலில் உள்ள சின்னப் பெட்டி கத்தும். மெஷினில் இரவு பகலாக மிதித்துப் பார்த்தாயிற்று, ஒன்றும் ஆகவில்லையாம்.

சில வாரம் ரோட்டிலும் படிக்கட்டிலும் நடந்து பழகினேன். பிறகு அந்த நாள் வந்தது. இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு, தலையில் கூடைக் கயிறு மாட்டி, என் நிரைக்குப் போய்ச் சேர்ந்தேன். படங்கு என்பது செடி கிழிக்காமல் இருக்க நாங்கள் கட்டுகிற தடித்த துணி. அன்று எனக்கு அது கல்யாணப் புடவையாகத் தெரிந்தது. சந்தோஷத்தில் வாய் ஓயவில்லை. எங்கோ சில்வண்டு கத்திக்கொண்டே இருந்தது. அதையும் ஏசிக்கொண்டே கொழுந்து கிள்ளினேன்.

பக்கத்து நிரைக்காரி திடீரென்று என் படங்கைத் தூக்கிப் பார்த்தாள். "ஏய், வண்டு இல்லடி. ஒன் காலுதான் கத்துது!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று கூடவே வந்து, நிரைக்கு மேலே ரோட்டில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஆராய்ச்சிப் பெண் மட்டும் தலைதெறிக்க ஓடிவந்தாள். "அக்கா, அசையாதீங்க! கால கழட்டுங்க!"

உட்கார்ந்து கழற்றிக் கொடுத்தேன். பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஒரு கீறல்கூட இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லாத்தானே இருக்கு. மடுவத்துத் தராசுல கொழுந்த நிறுத்துட்டுத் தாரேன், குடு" என்றேன். அவள் அந்தப் பாதத்தை ஒரு கல்லின் மேல் சரிவாக வைத்து, தன் பாரத்தை எல்லாம் போட்டு அழுத்தினாள். படாரென்று ஓரமாகப் பிளந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. நான் நின்ற இடத்துக்குக் கீழே பாறை, அதற்குக் கீழே செங்குத்துப் பள்ளம். இன்னும் இரண்டு செடி தள்ளிப் போயிருந்தால் அங்கேதான் காலை வைத்திருப்பேன்.

"அது சொல்லிருச்சு அக்கா, நம்ம கண்ணுக்குத் தெரியுறதுக்கு முந்தியே சொல்லிருச்சு" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"சொல்லி என்ன, என் மலை போச்சே" என்று நான் ஓவென்று அழுதேன்.

சரிவில் நாங்கள் பக்கவாட்டில்தான் நிற்போம், மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கான் விளிம்பில் பாதத்தின் ஓரத்தை முட்டுக்கொடுத்துக்கொண்டு. மெஷின் நேராக மட்டுமே மிதித்திருக்கிறது. நாங்கள் இப்படி நிற்பது அவளுக்கும் தெரியவில்லை, நான் எப்படி நிற்கிறேன் என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை. என்னை ஒற்றைக்காலில் கானோரம் நிற்க வைத்து, மற்றப் பெண்களையும் நிற்க வைத்து, வீடியோ எடுத்துக்கொண்டு போனாள். அந்தத் துணியைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மெஷினை முறுக்கி மிதிக்க வைத்து, மழைக்காலம் முடிந்த பிறகு அடுத்த பாதத்தோடு வந்தாள்.

இப்போது நான் மலையில்தான் இருக்கிறேன். கானில் வலது காலை வைத்ததும் பேச்சை நிறுத்திக் காது கொடுப்பேன். என் கூட்டாளிகளும், வாயாடிகள் எல்லோரும், எனக்காக ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொள்வார்கள். சத்தம் எதுவும் வராது. அன்று அந்தத் தேத்தண்ணீர்ச் சொட்டைத் தாங்கியது இன்று என்னைத் தாங்குகிறது என்று நினைக்கும்போது, கண்ணுக்குத் தெரியாததை இல்லை என்று சொல்ல இனி எனக்கு வாய் வராது.