புலியை ஊறவைத்துப் பிசையும் முறை

ஜமுனாமரத்தூர்ப் பக்கம் போய் கோபால்சாமி வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். "எந்த கோபால்சாமி, புலி கோபால்சாமியா?" என்று சிரித்துக்கொண்டே கை காட்டுவார்கள். அந்தச் சிரிப்புக்குக் காரணம் அவர் சொந்தமாகப் போட்ட புத்தகம். அச்சுக்கு முன்னால் என்னிடம் கொடுங்கள், கொடுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டவள் நான். அதனால் இதைச் சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு.

நான் பூவிழி. போளூரில் வீட்டிலிருந்தே பிழை திருத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், கவிதைப் புத்தகம் என்று எது வந்தாலும் பார்ப்பேன். கடைப் பலகையில் ஒரு ஒற்று விட்டுப்போயிருந்தால் பஸ்ஸில் போகும்போதே பல்லைக் கடிப்பேன். அப்படியொரு பிறவி.

கோபால்சாமி அண்ணனுக்கு அறுபத்திரண்டு வயது. மலையில் புளியமரமும் கொஞ்சம் சாமைக்காடும் வைத்திருக்கிறார். போளூருக்குப் புளி கொண்டுவந்தால் சும்மா திரும்ப மாட்டார். பஸ் ஸ்டாண்டில் யாரையாவது பிடித்து உட்காரவைத்து, எந்தப் புளி குழம்புக்கு, எது ரசத்துக்கு என்று பாடம் எடுப்பார். அப்படி மாட்டிக்கொண்ட ஒருத்தர், தப்பித்தால் போதும் என்று "இதையெல்லாம் நீங்க புக்கா போடலாமே" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டார். அந்த மனுஷன் கையில் கிடைக்கட்டும், நன்றாக நாலு கேட்கிறேன்.

அண்ணனுக்கு எழுதக் கை வணங்காது. பேசினால் தானே எழுதிக்கொள்ளும் வசதியை மகள் கலைவாணி போனில் காட்டிக்கொடுத்தாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போனிடம் பேசுவார். நடுநடுவே அடுப்படிப் பக்கம் திரும்பி, "மாதம்மா, பூச்சி வுழாம இருக்க இன்னா போடுவ?" என்பார். மனைவி மாதம்மாள் உள்ளேயிருந்து பதில் சொல்வார். அதை இவர் அப்படியே போனுக்குச் சொல்வார். புத்தகத்தில் முக்கால்வாசி அடுப்படியிலிருந்து வந்ததுதான். "மொத பக்கத்துல ஒன் பேருதான், பாரு" என்று அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார். அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. போன வருஷம்தான் முதியோர் வகுப்புக்குப் போய் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகினார். தன் பேரை அச்சில் படிக்கப்போகிறோம் என்று ஆறு மாசமாகக் காத்திருந்தார்.

கெடுத்தது எங்கள் நாக்கு. ல, ள, ழ மூன்றுக்கும் இந்தப் பக்கத்தில் ஒரே வளைப்புதான். போன் என்ன செய்யும், பாவம்? காதில் விழுந்ததைப் போட்டது.

"அண்ணே, ஒரு வாரம் என்கிட்ட குடுங்க. பாத்துக் குடுத்துர்றேன்" என்றேன்.

"இன்னாம்மா நீ? நானே மூணு தரம் படிச்சுட்டேன். என் புளியப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"புளி தெரியும்ணே. எழுத்து?"

"ஒரு தப்பு கெடையாது, போ."

மூன்று தரம் படித்தது நிஜம்தான். ஆனால் எழுதினவர் தாளில் இருப்பதையா படிக்கிறார்? மனசில் இருப்பதைப் படிக்கிறார். அதற்குத்தானே ஐயா வேறொரு ஆள் வேண்டும் என்கிறது! கத்தினேன். கேட்டால்தானே.

பக்கம் அமைத்துக் கொடுத்தவர் அச்சுக்கடைக்காரர் பார்த்திபன். நல்ல மனுஷன், ஆனால் தலைப்புக்கு மேல் ஒரு வரி படிக்க மாட்டார். தலைப்போ 'ஜவ்வாது மலைப் புலி'. அட்டையில் வாயைப் பிளந்தபடி ஒரு புலியைப் போட்டுவிட்டார். அதைப் பார்த்தாவது அண்ணனுக்கு உறைத்ததா? "மலைன்னா ஒரு கம்பீரம் வேணுந்தான்" என்று தலையாட்டிவிட்டு முந்நூறு பிரதி அடித்துக்கொண்டு போனார்.

வெளியீட்டு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஜமுனாமரத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இளவழகன் மைக்கைப் பிடித்து, நடுவிலிருந்து ஒரு பக்கத்தை வாசித்தார்.

"'புலியை நன்றாக வெயிலில் காயவைத்து, ஓடு உடைத்து, கொட்டையை நீக்கவும். பெண்கள் கூடி உட்கார்ந்து பேசிக்கொண்டே நீக்கினால் அலுப்புத் தெரியாது.'"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலே போனார்.

"'ரசத்துக்கு நெல்லிக்காய் அளவு புலி போதும். வெந்நீரில் ஊறவைத்துப் பிசைந்தால் சீக்கிரம் கரையும். கர்ப்பமான பெண்கள் பச்சைப் புலியைப் பார்த்தால் விடாமல் கடிப்பார்கள். தடுக்கக் கூடாது.'"

"தடுக்கலன்னா புலி கதி இன்னாங்க சார்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அண்ணனோ ஜனங்கள் ரசிக்கிறார்கள் என்று நாலா பக்கமும் கும்பிட்டுக்கொண்டு நின்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். சிரிப்பையும் அடக்க முடியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு மாதம்மாள் அக்காவிடம் மைக் போனது. புதுப்புடவை, தலை நிறையப் பூ. முதல் பக்கத்தில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"எ...ன...க்...கு. வா...ழ்...க்...கை...யி...ல். வ...லி..." நிறுத்தினார். மறுபடி பார்த்தார். "வலி காட்டிய மாதம்மாளுக்கு."

அண்ணன் சொன்னது வழி. வழி காட்டிய மாதம்மாள். போன் அதை வலியாக்கிவிட்டது. ஆனால் அது அக்காவுக்கு எப்படித் தெரியும்? சிரிப்பெல்லாம் அடங்கிப்போச்சு.

"நானாய்யா ஒனக்கு வலி காட்னேன்?" மைக் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. "இதப் படிக்கத்தான் எழுத்து கத்துக்கினேனா?"

புத்தகத்தை மேஜையில் வைத்தார். நேராக பஸ் ஏறி, படவேட்டில் இருக்கிற தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

நாலாம் நாள் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். முகத்தில் சவரம் இல்லை. "பூவிழிம்மா, அவ வூட்டுக்கு வர மாட்டேன்றா. தப்பில்லாத புக்கு எடுத்துகினு வா, அப்பால பாக்கலாம்ன்றா. ஒரு ரசம் கூட வைக்கத் தெரியல எனக்கு."

"அதான் புக்குல போட்டிருக்கீங்களேண்ணே, நெல்லிக்காய் அளவு புலி!"

வாய் சும்மா கிடக்கிறதா எனக்கு? அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கே ச்சீ என்றாகிவிட்டது. "உக்காருங்கண்ணே, காப்பி குடிங்க" என்று தாள்களை வாங்கிக்கொண்டேன்.

ஒரு வாரம் உட்கார்ந்தேன். நானூற்றுப் பதினாறு புலிகளைப் பிடித்துப் புளியாக்கினேன். வலியை வழியாக்கினேன். பார்த்திபன் பக்கத்தில் நின்று அட்டைப் புலியை எடுக்கவைத்துப் புளியங்கொத்து போடவைத்தேன். இரண்டு முறை படித்தேன். பிறகு ஒரு தரம் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் படித்தேன், கண் ஏமாந்துவிடக் கூடாதே என்று. புது அச்சுக்கான தாள்களை அட்டையோடு எடுத்துக்கொண்டு நானும் அண்ணனும் படவேட்டுக்குப் போனோம்.

அக்கா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டார். வாங்கி, முதல் பக்கத்தைப் படித்தார். வ, ழி. அந்த 'ழி'யை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது. எழுந்துவிடுவார் என்று பார்த்தால், அடுத்த பக்கத்தைத் திருப்பினார். பிறகு அதற்கடுத்ததை. மத்தியானச் சாப்பாடு ஆனது, டீயும் ஆனது. அண்ணன் நகத்தைக் கடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கடைசிப் பக்கத்தை முடித்து, அட்டையைத் திருப்பிப் பார்த்தார் அக்கா.

"இன்னும் ஒரு தப்பு இருக்குது."

எனக்குச் சுருக்கென்றது. "எங்கக்கா? என் கண்ணுக்குத் தப்பாதே!"

'கோபால்சாமி' என்ற பேருக்குக் கீழே விரலை வைத்தார். "இங்க ஒரு பேரு வுட்டுப்போச்சு."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். மூன்று தரம் அவர் படித்தார், மூன்று தரம் நானும் படித்தேன். இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அண்ணன் கையை நீட்டி என் சிவப்புப் பேனாவை வாங்கினார். அக்கா விரல் வைத்த இடத்தில், நாக்கைத் துருத்திக்கொண்டு, மெதுவாக எழுதினார்: 'மாதமாள்'.

"குடுய்யா இங்க" என்று பேனாவைப் பிடுங்கி, விட்டுப்போன 'ம்'மை அக்காவே போட்டுக்கொண்டார்.